பக்கவாட்டில் இரண்டு சிலிண்டர்கள்: சைட்மவுண்ட் கருவிகளின் வரலாறும் ஒரு தொடக்கநிலைச் சுழியோடியின் பட்டியலும்

போன வருசக் கடைசியில் ஒரு பட்டியலோடு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். டெக்னிக்கல் டைவிங் பயிற்சியை சைட்மவுண்ட் முறையில் தொடங்க என்னென்ன வாங்கவேண்டும் என்று பல இடங்களில் வாசித்து, பலரிடம் கேட்டு, நானே எழுதிய பட்டியல். இருபத்துமூன்று சாமான்கள். விலையைக் கூட்டிப் பார்த்தால் என்னுடைய ஒரு வருசச் சம்பளத்தைத் தாண்டியது.

மாமா இருபது வருசத்துக்கு மேலாகச் சங்கும் கடலட்டையும் எடுக்கக் கடலுக்குள் இறங்கியவர். முதலில் மூச்சைப் பிடித்து இறங்கினார். பிறகு சிலிண்டர் கட்டி இறங்கினார். இப்போது அவருக்கு இடதுகால் சரியாக வழங்காது. ஒருநாளில் எத்தனை தடவை இறங்கினார், என்ன ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவரிடம் கணக்கு இல்லை. கணக்கு வைக்கிற கருவி ஒன்றும் அப்போது அவரிடம் இருக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை ஆறுதலாக வாசித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

“உதுக்குள்ள எது பிள்ளை உன்னை மேல கொண்டுவாறது?”

“எல்லாம்தான் மாமா” எண்டு சமாளித்தேன்.

“எல்லாம் எண்டால் உனக்கு ஒண்டும் தெரியாது எண்டுதான் கருத்து.”

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. பட்டியலில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் விலை தெரியும், நிறம் தெரியும், எந்தக் கொம்பனி என்று தெரியும். அது ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரியாது. இந்தக் கட்டுரை அந்த ‘ஏன்’ஐத் தேடிப் போனதன் பதிவு. தேடிப்போன பிறகு பட்டியல் நன்றாகச் சுருங்கிவிட்டது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேலே போகமுடியாத இடம்

பொழுதுபோக்குச் சுழியோட்டத்தில் முதுகில் ஒரு சிலிண்டர், அதிகபட்சம் 40 மீற்றர் ஆழம். ஏதாவது பிழைத்தால் மெதுவாக நேரே மேலே வந்துவிடலாம் என்பதுதான் அதன் அடிப்படை. டெக்னிக்கல் டைவிங்கில் அந்த வழி அடைபட்டிருக்கும். அடைப்பது சிலவேளை குகையின் கற்கூரையாக இருக்கும், சிலவேளை மூழ்கிய கப்பலின் இரும்புத்தட்டாக இருக்கும். சிலவேளை கண்ணுக்கே தெரியாது. ஆழத்தில் நீண்டநேரம் நின்றால் அமுக்கத்தால் நைதரசன் உடம்பின் இழையங்களில் கரைந்துவிடும். உடனே மேலே வந்தால் சோடாப் போத்தலைத் திறந்தமாதிரி அது குமிழிகளாக வெளியேறும். மூட்டுவலி, உணர்விழப்பு, முடக்கம், சாவு என்று போகலாம். அதனால் குறித்த ஆழங்களில் நின்று நின்றுதான் வரவேண்டும்.

ஆகவே எந்தச் சிக்கலையும் தண்ணீருக்குள்ளேயே தீர்க்கவேண்டும். மூச்சுக்கு இரண்டு தனித்தனி வழிகள் வேண்டும். இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, முதுகில் இரண்டு சிலிண்டர்களைக் குழாயால் இணைத்துக் கட்டுவது. மற்றது, அக்குளில் இருந்து இடுப்புவரை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர்களைத் தொங்கவிடுவது. இந்த இரண்டாவதுதான் சைட்மவுண்ட். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வால்வு, தனி ரெகுலேற்றர், தனி அமுக்கமானி. இரண்டுக்கும் இடையில் எந்தத் தொடுப்பும் இல்லை.

இதை இன்று சொகுசான புதிய ஸ்டைலாக விற்கிறார்கள். ஆனால் இது பிறந்தது சேற்றுக்குள்.

மெண்டிப்: சேற்றில் தவழ்ந்தவர்கள்

இங்கிலாந்தின் சமர்செற் பகுதியில் மெண்டிப் குன்றுகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் நிலம். எங்கட யாழ்ப்பாணத்தைப் போலவே மழைநீர் கல்லைக் கரைத்துக் கீழே இறங்குகிற பூமி. அங்குள்ள குகைகளுக்குள் நடந்தும் தவழ்ந்தும் போகிறவர்கள் ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். அங்கே கூரை தாழ்ந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். அப்பால் குகை தொடரும், ஆனால் போகமுடியாது. இந்த இடத்தை அவர்கள் ‘சம்ப்’ என்பார்கள்.

1934இல் தபால் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த கிரஹாம் பால்கம், சைக்கிள் சட்டம் ஒன்றை வைத்துத் தானே செய்த சுவாசக் கருவியோடு ஸ்வில்டன்ஸ் ஹோல் குகையின் சம்பைத் தாண்ட முயன்றார். முடியவில்லை. அடுத்த வருசம், 1935இல், சீப் கோர்மன் கொம்பனியிடம் இரவல் வாங்கிய செப்புத் தலைக்கவசமும் ஈயச் சப்பாத்தும் அணிந்து, மேலேயிருந்து குழாய்வழி காற்று அடிக்க, வுக்கி ஹோல் குகைக்குள் தண்ணீருக்கடியில் நடந்து போனார்கள். பால்கமுடன் போனவர்களில் பெனலபி பவல் என்ற பெண்ணும் ஒருவர். 1936இல் பால்கமின் நண்பர் ஜக் ஷெப்பர்ட், வீட்டில் தைத்த உடுப்போடு ஸ்வில்டன்ஸ் சம்பைத் தாண்டினார். 1946இல் குகைச் சுழியோடிகள் குழு தொடங்கியது. இன்றுவரை அது இயங்குகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, யாரும் கடையில் போய்க் கேட்கவில்லை என்பது. கேட்பதற்குக் கடையே இருக்கவில்லை. முதலில் சிக்கல், பிறகுதான் கருவி.

பிரான்சில் 1943இல் ஜக் கூஸ்தோவும் எமீல் கானியனும் மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்றுத் தருகிற ரெகுலேற்றரை உருவாக்கியிருந்தார்கள். 1960களில் பிரித்தானியக் குகைக்காரர்கள் அந்த வகைக் காற்றுச் சிலிண்டருக்கு மாறியபோது ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. அவர்களுடைய பயணத்தில் தண்ணீர் கொஞ்ச நேரம்தான். மீதி முழுக்க சேறு, இடுக்கு, ஏற்றம், இறக்கம். முதுகில் சிலிண்டர் கட்டினால் இடுக்கில் சிக்கும். எனவே சிறிய சிலிண்டர்களைக் கழற்றிக் கையில் கொண்டுபோய், சம்ப் வந்ததும் இடுப்புப் பட்டியில் பக்கவாட்டில் மாட்டினார்கள். சம்பைத் தாண்டியதும் திரும்பவும் கழற்றினார்கள். தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. கயிற்றைத் தடவித்தான் போகவேண்டும். கை கயிற்றில் இருப்பதால் ரோச் லைற் தலைக்கவசத்தில் ஏறியது.

கவனியுங்கள், இவர்கள் அழகாக நீந்துவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. மிதவைப் பை இல்லை. சிலிண்டர் இடுப்பில் தொங்கி ஆடும். அவர்களுக்கு அது காணும். கழற்றி மாட்டக்கூடிய, ஒன்றோடொன்று சம்பந்தப்படாத இரண்டு சிலிண்டர்கள் என்பதே மெண்டிப் விட்டுப்போன சொத்து.

புளோரிடா: தெளிந்த தண்ணீரும் சாவுகளும்

அமெரிக்காவின் வட புளோரிடாவில் நிலைமை வேறு. அங்கே ஊற்றுகள் நேரடியாக நிலத்தில் திறக்கின்றன. வாகனத்தை நிறுத்திவிட்டு இறங்கினால் குகை. தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். அந்தத் தெளிவுதான் பொறி. எந்தப் பயிற்சியும் இல்லாமல் ‘கொஞ்சம் எட்டிப் பாத்திட்டு வருவம்’ என்று உள்ளே போனவர்கள், காலால் கிளப்பிய வண்டலில் வழி தெரியாமல், காற்று முடிந்து செத்தார்கள். 1960களிலும் 70களிலும் இது திரும்பத் திரும்ப நடந்தது.

ஷெக் எக்ஸ்லி என்ற சுழியோடி அந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து 1979இல் ஒரு சிறு கையேட்டை எழுதினார். செத்தவர்களின் முட்டாள்தனத்தைப் பற்றி அவர் எழுதவில்லை. எது இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பார்கள் என்று கேட்டார். வெளிவாசல்வரை அறுபடாத வழிக்கயிறு. காற்றில் மூன்றில் ஒன்று போவதற்கு, மூன்றில் ஒன்று வருவதற்கு, மீதி ஒன்று ஆபத்துக்கு. பயிற்சிக்கு மீறிய ஆழத்துக்குப் போகாமை. பிறகு முறையான பயிற்சியும் மூன்று ரோச் லைற்றுகளும் சேர்ந்துகொண்டன. எக்ஸ்லியே 1994 ஏப்ரலில் மெக்சிக்கோவின் சக்கத்தோன் என்ற ஆழ்நீர்க் குழியில், 300 மீற்றரைத் தாண்ட முயன்றபோது இறந்தார். விதியை எழுதியவருக்கும் தண்ணீர் விதிவிலக்குத் தருவதில்லை.

இன்று நாங்கள் வாங்குகிற பல பொருட்கள் இந்தக் காலத்தில் இருந்து வந்தவை. சுமார் 2 மீற்றர் நீளமான காற்றுக்குழாயை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் காற்று முடிந்தால் மற்றவர் கொடுக்கவேண்டும். ஆனால் இடுக்கில் இரண்டுபேர் பக்கத்தில் பக்கத்தில் போகமுடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். சாதாரணக் குழாய் எட்டாது. அதனால்தான் நீளம். கொக்கிகளை இரும்பு வளையத்தால் இணைக்காமல் நூற்கயிற்றால் கட்டுவதும் இதே மாதிரித்தான். சிக்கினால் கயிற்றை வெட்டலாம், இரும்பை வெட்டமுடியாது.

சைட்மவுண்ட் புளோரிடாவுக்கு வந்தது பிரித்தானியர்களின் யோசனையாக. ஆனால் வந்த இடத்தில் அது மாறியது. இங்கே தவழ்வது இல்லை. நூற்றுக்கணக்கான மீற்றர்கள், எதிர்நீரோட்டத்தில், நீந்தவேண்டும். இடுப்பில் தொங்கி ஆடும் சிலிண்டர் நங்கூரம்போல இழுக்கும். 1980களில் வூடி ஜஸ்பர், வெஸ் ஸ்கைல்ஸ் போன்றவர்கள் சிலிண்டரை அக்குளுக்குள் உயர்த்தி, உடம்போடு ஒட்டி, கிடையாக வைக்க வழி தேடினார்கள். சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துவைக்க அவர்கள் பயன்படுத்தியது சைக்கிள் ரியூப். இன்று ‘பஞ்சி’ என்று பக்கற்றில் அடைத்து விற்கிற இறப்பர்க் கயிற்றின் மூதாதை அதுதான். பால்கமின் சைக்கிள் சட்டத்தில் இருந்து புளோரிடாவின் சைக்கிள் ரியூப்வரை, இந்த வரலாற்றில் சைக்கிளுக்கு ஒரு நல்ல பங்கு இருக்கிறது.

1990களின் நடுப்பகுதிவரை எல்லாரும் தாங்களே வெட்டித் தைத்ததுதான். அப்போதுதான் லமார் ஹையர்ஸ் வடிவமைக்க, டைவ் ரைட் நிறுவனம் சைட்மவுண்டுக்கான முதலாவது வணிகக் கட்டமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. புளோரிடா ஊற்றுநீர் 20 முதல் 22 பாகை செல்சியஸ். நீண்டநேரம் நின்றால் குளிரும். ஆகவே தடித்த உடுப்பு அல்லது நீர்புகா உடுப்பு, பெரிய உருக்குச் சிலிண்டர்கள். அந்தப் பாரத்தைத் தாங்கப் பெரிய மிதவைப் பை, பின்புறத்தில் சிலிண்டரின் அடியைப் பிடிக்க அகலமான தட்டு. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

யுக்கத்தான்: குறைத்துக்கொண்டே போனவர்கள்

மெக்சிக்கோவின் யுக்கத்தான் குடாநாட்டில் தண்ணீர் 25 பாகை. குகைகள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை, ஆனால் மிக நீளமானவை. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் வறண்ட குகைகளாக இருந்து பின்னர் நீர் நிறைந்தவை என்பதால், மேலிருந்தும் கீழிருந்தும் வளர்ந்த மெல்லிய சுண்ணக்கல் தூண்கள் எங்கும் நிற்கின்றன. ஒரு முட்டு, ஆயிரக்கணக்கான வருசம் போச்சு. அங்கே எளிதாகக் கிடைப்பது 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர்.

இங்கே ஸ்டீவ் போகார்ட்ஸ் புளோரிடாவின் கட்டமைப்பில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். தடித்த தட்டு தேவையா? பெரிய பை தேவையா? அகலப் பட்டி தேவையா? கடைசியில் வந்தது ‘ரேசர்’ என்ற மிக எளிய பட்டிக் கட்டமைப்பு. 2007 ஜனவரியில் அவரும் ரொபி ஷ்மிட்னரும் சக் அக்துன், நோஹொச் நா சிச் என்ற இரண்டு பெரும் நீரடிக் குகைத்தொகுதிகளையும் இணைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இன்று சமூக ஊடகங்களில் நாங்கள் பார்த்து ஆசைப்படுகிற, மீன்போல வழுக்கிப் போகிற சைட்மவுண்ட் உருவம் பெரும்பாலும் யுக்கத்தானில் இருந்து வந்தது.

ஆக மூன்று ஊர்கள், மூன்று சிக்கல்கள், மூன்று விடைகள். சந்தை என்ன செய்கிறது என்றால், மூன்று விடைகளையும் ஒரே தட்டில் அடுக்கி, கேள்விகளை மட்டும் எடுத்துவிடுகிறது.

என்னுடைய பிழை

இதையெல்லாம் வாசிப்பதற்கு முன்னமே நான் ஒன்றை வாங்கிவிட்டிருந்தேன். வெளிநாட்டில் ஒருவர் பாவித்துவிட்டு அரைவிலைக்குக் கொடுத்த சைட்மவுண்ட் செற். குளிர்நீருக்கும் உருக்குச் சிலிண்டருக்கும் செய்தது. ‘பெரிசு, உறுதி, நல்ல லாபம்’ என்று நினைத்தேன்.

திருகோணமலையில் 6 மீற்றர் ஆழத்தில், 28 பாகைத் தண்ணீரில், மெல்லிய உடுப்போடும் இரண்டு அலுமினியச் சிலிண்டர்களோடும் இறங்கினேன். பெரிய பைக்குள் கொஞ்சக் காற்றுத்தான் தேவைப்பட்டது. அது உள்ளே அங்கும் இங்கும் ஓடி என்னைப் பக்கத்துக்குப் பக்கம் புரட்டியது. அரைமணித்தியாலத்தில் சிலிண்டர்கள் வெறுமையாகத் தொடங்க, அவற்றின் அடிப்பகுதி மேலே கிளம்பி இரண்டு கொம்பு மாதிரி நின்றது. பயிற்சி தந்த அண்ணா சிரிக்கவில்லை. மேலே வந்ததும், “தங்கச்சி, இது பிழையான சாமான் இல்லை. பிழையான கடலுக்கு வந்த சாமான்” என்றார்.

நடந்தது எளிய பௌதிகம். ஒரு 11 லீற்றர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் உள்ளே சுமார் 2,200 லீற்றர் காற்று. காற்றுக்கும் பாரம் உண்டு, அவ்வளவு காற்று ஏறக்குறைய 2.7 கிலோ. உருக்குச் சிலிண்டர் வெறுமையானாலும் பொதுவாகத் தாழும். அலுமினியம் நிறைந்திருக்கும்போது தாழ்ந்து, வெறுமையானதும் மிதக்கத் தொடங்கும். அதனால் அலுமினியச் சிலிண்டர் பாவிப்பவர்கள் சுழியோட்டத்தின் நடுவில் அடிக்கொக்கியை இடுப்புப் பட்டியின் பின்வளையத்தில் இருந்து முன்வளையத்துக்கு மாற்றுவார்கள். நான் வாங்கிய செற்றில் முன்வளையமே இருக்கவில்லை. அது பிறந்த ஊரில் அதற்குத் தேவை வரவில்லை.

பட்டியலைத் திரும்ப வாசித்தல்

பிறகு பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் மாமாவின் கேள்வியை எழுதினேன். தொடங்குகிற உங்களுக்கும் இது உதவலாம் என்பதால் இங்கே தருகிறேன். இது பயிற்சிக்குப் பதிலீடு இல்லை. பயிற்றுநரோடு பேசி, இரவல் சாமானில் இரண்டு மூன்று தடவை இறங்கிப் பார்க்கும்வரை எதையும் வாங்காதீர்கள் என்பதே முதலாவது ஆலோசனை.

ரெகுலேற்றர்: நேரடியாக மூச்சுத் தருவது இது. காசை முதலில் இதில் போடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் உதிரிப்பாகமும் திருத்தமும் இலகு. சிலிண்டருக்குள் திருகிப் பூட்டும் ‘டின்’ வகை, வெளியே கவ்விப் பிடிக்கும் வகையைவிட இடிபாடுகளைத் தாங்கும். ஆனால் நீங்கள் இறங்கும் இடத்துச் சிலிண்டர்களின் வால்வு எந்த வகை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில் சேவிஸ் செய்ய ஆளில்லாத ரெகுலேற்றர், எவ்வளவு பெயர்பெற்றதானாலும், இரண்டு வருசத்தில் அலுமாரிக்குள் இருக்கும். வலது சிலிண்டருக்கு நீளக்குழாய், இடதுக்குக் குறுங்குழாயும் கழுத்துமாலையும். இரண்டு அமுக்கமானிகளும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கவேண்டும். சைட்மவுண்டின் பெரிய பலமே எல்லாம் முன்னால் இருப்பதுதான். ரெகுலேற்றர் பழுதாகிக் காற்றுப் பீறிட்டாலும், அக்குளுக்குக் கீழே இருக்கும் வால்வைப் பார்த்து, கையால் திறந்து மூடி, ஒவ்வொரு மூச்சாக எடுக்கலாம்.

கணினி: மாமாவிடம் இல்லாத சாமான். ஆழம், நேரம், எங்கே எவ்வளவு நிற்கவேண்டும் என்ற கணக்கு. டெக்னிக்கல் பயிற்சிக்குப் போவதென்றால், ஒன்றுக்கு மேற்பட்ட வாயுக்கலவைகளைப் பதிந்து நீருக்குள் மாற்றக்கூடியதாக வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வருசத்தில் திரும்பவும் வாங்கவேண்டி வரும்.

பட்டியும் மிதவைப் பையும்: எங்கட வெதுவெதுப்பான கடலுக்கும் அலுமினியச் சிலிண்டருக்கும் யுக்கத்தான் வழிவந்த எளிய கட்டமைப்பு நெருக்கமானது. ஆனால் எல்லாரும் பாவிக்கிறார்கள் என்பதற்காக வாங்கவேண்டாம். உங்கள் தோள், முதுகு நீளம், இடுப்புக்கு ஏற்ப ஒவ்வொரு பட்டியையும் மாற்றக்கூடியதா என்று பாருங்கள். பல கட்டமைப்புகள் அகன்ற தோள்காரரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. என்னைப்போல உயரம் குறைந்த பெண்களுக்குத் தோள்வளையம் இரண்டு விரலளவு மாறினாலே சிலிண்டர் சரியாக இருக்கும். இடுப்பில் முன்வளையம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பட்ட அனுபவம்.

வெட்டுக்கருவி இரண்டு, வலக்கை எட்டும் இடத்தில் ஒன்று, இடக்கை எட்டும் இடத்தில் ஒன்று: மெண்டிப்பில் வழிக்கயிறு, எங்கட கடலில் கைவிடப்பட்ட மீன்வலை. மூழ்கிய கப்பல்களில் வலை சிக்கியிருப்பது சாதாரணம்.

கயிற்றுச்சுருளும் மேலனுப்பும் மிதவையும்: நடுநீரில் நின்று வரும்போது படகோட்டிக்கு நீங்கள் எங்கே என்று தெரியவேண்டும். நீரோட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

கொக்கியும் இறப்பரும் நூற்கயிறும்: மலிவானவை, ஆனால் பயிற்சியில் அடிக்கடி மாற்றவேண்டியவை. நீங்களே கட்டப் பழகுங்கள். கட்டத் தெரிந்தவருக்குத்தான் அவிழ்க்கவும் தெரியும்.

தவிர்த்தவை: பெரிய கைவிளக்கு, குகைக்கான தலைக்கவசம், நீர்புகா உடுப்பு, மூன்றாவது நான்காவது சிலிண்டருக்கான சாமான்கள், படம்பிடிக்கும் கருவி. இவை பயனற்றவை அல்ல. அவை விடைசொல்லும் கேள்விகள் இன்னும் என்னிடம் வரவில்லை. உதாரணமாக, மேலே வரும்போது நைதரசனை விரைவாக வெளியேற்ற 50 வீத ஒட்சிசன் கலவையை 21 மீற்றரில் இருந்து சுவாசிப்பார்கள். அதே கலவையை 50 மீற்றரில் தவறுதலாகச் சுவாசித்தால் வலிப்பு வந்து, வாயில் இருந்து ரெகுலேற்றர் நழுவி, சாவுதான். அந்தச் சிலிண்டர்களில் ஆழ எல்லையைப் பெரிய எழுத்தில் ஒட்டுவது இதற்காகத்தான். அந்தப் படிக்குப் போகும்போது அதை வாங்கலாம்.

இருபத்துமூன்று பன்னிரண்டாகியது.

மட்டக்களப்புக் கடலடியில்

இவ்வளவும் எதற்கு? என்னுடைய ஆசை மட்டக்களப்புக்கு வெளியே கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பல். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதலாவது கப்பல். முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அதோடு இறந்தார்கள். சுமார் 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. வெளிநாடுகளில் இருந்து டெக்னிக்கல் சுழியோடிகள் அதற்காகவே வருகிறார்கள். அந்தக் கரையில் பிறந்தவர்களில் எத்தனை பேருக்கு அதைப் பார்க்கிற வாய்ப்புக் கிடைத்திருக்கிறது என்ற கேள்வி எனக்கு உண்டு.

ஆனால் ஆசையைக் கணக்குக்கு முன்னால் வைக்கமுடியாது. 53 மீற்றரில் அமுக்கம் மேற்பரப்பைப்போல 6.3 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிக்கும் ஒருவருக்கு அங்கே 126 லீற்றர் வேண்டும். இரண்டு அலுமினியச் சிலிண்டர்களிலும் சேர்த்து 4,400 லீற்றர். எக்ஸ்லியின் மூன்றிலொரு பங்கு விதிப்படி, போவதற்கென்று ஒதுக்கிய பங்கு அந்த ஆழத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்கும் வராது. அதோடு காற்றைச் சுவாசித்தால் அந்த ஆழத்தில் நைதரசன் மதுவைப்போல மயக்கும். மயங்கின மூளையோடு இரண்டு அமுக்கமானிகளைப் பார்த்து, இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் வராமல் ரெகுலேற்றரை மாற்றி மாற்றிச் சுவாசிக்கவேண்டும். ஒரு பக்கம் கைவிட்டாலும் மறுபக்கம் மட்டும் மேலே கொண்டுவரப் போதுமானதாக இருக்கவேண்டும் என்பதற்காக. ஈலியம் கலந்த வாயு அந்த மயக்கத்தைக் குறைக்கும், ஆனால் அது விலையும் கூட, பயிற்சியும் கூட.

ஆகவே இந்த வருசம் ஹெர்மிஸ் இல்லை. 6 மீற்றர், பிறகு 12, பிறகு 20. அசையாமல் கிடையாக நிற்க, கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் தொட, நீளக்குழாயைத் தடுமாறாமல் நீட்டப் பழகுவது. ஆழத்தில் செய்யவேண்டியதை ஆழமில்லாத இடத்தில் நூறுதரம் செய்வது.

போன மாதம் புதிய பட்டியலோடு மாமாவிடம் போனேன். ஒவ்வொன்றுக்கும் ஊரும் காரணமும் சொன்னேன். சைக்கிள் ரியூப் கதையில் சிரித்தார். கணினியைக் கையில் வாங்கி, பொத்தானை அமத்திப் பார்த்தார். அதில் என்னுடைய கடைசிச் சுழியோட்டம் இருந்தது: 11.8 மீற்றர், 46 நிமிடம்.

“இவ்வளவும் இது எழுதி வைக்குமோ?”

“ஓம் மாமா.”

கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். “எங்களுக்கு ஆராவது உந்தக் கணக்கை எண்டாலும் சொல்லித் தந்திருக்கலாம்” என்றார்.

அவர் கேட்டது கருவியை இல்லை, கணக்கை. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற அட்டவணைகள் மாமா கடலில் இறங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னமே அச்சில் இருந்தன. ஒரு தாளில் எழுதிப் படகில் ஒட்டக்கூடியவை. இன்றும் எங்கட கரைகளில் அட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிற பெடியங்களில் பலர் அது இல்லாமல்தான் இறங்குகிறார்கள். நான் வாங்காமல் விட்ட பதினொரு சாமான்களின் காசில் ஒரு பகுதிக்கு, அந்த அட்டவணையைத் தமிழில், தண்ணீர்படாத தாளில் அடித்து, எங்கட இறங்குதுறையில் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். பயிற்சி தந்த அண்ணா சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எப்படி எழுதினால் பெடியங்கள் வாசிப்பார்கள் என்பதை மாமா சொல்வார்.